'சும்மாதான் எடுத்தோம்'

(பாட்டுக்குப் படம் எடுக்கப் பழகிவரும் கல்லூரி மாணவர்களின் ஒத்திகைப் படங்கள் காலனியில் திரையிடப்பட்ட பிறகு பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் விட்டுப்போன சில விவரங்கள் இங்கே சேர்க்கப்பட்டுள்ளன.)



தம்பி தங்கச்சிகளே, பெரியவங்களே, என்னை 'பாட்டும் படமும்' என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருந்தாங்க. கவிதை எழுதுறவன் என்பதால் கூப்பிட்டிருப்பாங்க. காமிரா பற்றி எனக்குப் படித்த அறிவு கொஞ்சம் உண்டு, கைப்பழக்கம் கிடையாது. ஆனா இப்ப இந்தச் சுவரில் ஒன்றே முக்கால் மணிநேரம் ஓடியதை உங்களோடு உட்கார்ந்து பார்த்த பிறகு, வேறு எதைப் பேசினாலும் அது தப்பித்துக்கொள்கிற காரியமாகத்தான் இருக்கும். ஆகவே இந்த ஒத்திகைப் படங்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் ஒரு சபையில் வைத்துச் சொல்லணும்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை நீங்க ஒத்திகை எடுத்தீங்க. பாட்டு தயாரா இருக்கு, நாலு நிமிடம். படம் எடுக்கும் முன்னால் கை பழகணும் என்று போனையும் கடன் வாங்கின காமிராவையும் தூக்கிக்கொண்டு காலனியைச் சுற்றினீங்க. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் கீழ்த்தெருவில் பெரியப்பா ஒருத்தர் நெஞ்சுவலியில் இறந்துபோனார். பறை வந்தது. பந்தல் போட்டாங்க. 'இதை விட்டா இப்படி ஒரு காட்சி கிடைக்காது, சும்மா எடுத்துப் பழகுவோம்' என்று நீங்க அங்கே போனீங்க. பதினாலு கிளிப் எடுத்திருக்கீங்க. அதில் ஒன்றை, பிணத்தின் காலடியில் பறையடிக்கிற இருபது விநாடியை, நம்ம பாட்டைப் பின்னால் ஓடவிட்டு ஒரு தம்பி தன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தார்.

இறந்தவருடைய மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவங்க. அவங்களிடம் 'அப்பாவுக்கு உடம்பு முடியல, வா' என்று மட்டும்தான் சொல்லியிருந்தாங்க. நம்ம வீடுகளில் அப்படித்தான் சொல்வோம். தனியா பஸ்ஸில் வருகிற பிள்ளை அலறிடக் கூடாது என்று ஒரு பயம். அந்தம்மா சேலம் தாண்டி வந்துகொண்டிருக்கும்போது போனைத் திறந்திருக்காங்க. தன் அப்பா பிணமாகக் கிடப்பதை, தாளத்துக்குத் தகுந்த மாதிரி வெட்டி ஒட்டின படமாக, பஸ் சீட்டில் உட்கார்ந்து பார்த்தாங்க. ஊர் வந்து சேர இன்னும் மூணு மணிநேரம் இருந்தது.

அந்தத் தம்பி இங்கேதான் உட்கார்ந்திருக்கார். பெயர் சொல்ல மாட்டேன். அவரைக் கூண்டில் ஏற்றவும் நான் வரலை. காரியம் முடிந்து அவங்க வீட்டுக்குப் போய் அவர் நின்றபோது, அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? 'அக்கா, சும்மாதான் எடுத்தோம். இது ஒத்திகைதான்.' அவர் பொய் சொல்லலை. அவரைப் பொறுத்தவரை அது ஒத்திகைதான். எனக்கு உறுத்துகிறது அந்தச் 'சும்மா' என்ற சொல்தான்.

பறையடிக்கிற மாமாக்களிடமும் இதே சொல்லைத்தான் சொல்லியிருக்கீங்க. முதல் ஞாயிற்றுக்கிழமை கிளிப் ஒன்றில் உங்க குரலே பதிவாகியிருக்கு. 'சும்மா அடிங்க மாமா, சவுண்டு வேணாம், கை ஆடினா போதும்.' மாமா நிறுத்திவிட்டுக் காமிராவைப் பார்க்கிறார். 'சும்மா அடிக்கிறதுன்னா எப்பிடிப்பா?' என்று கேட்கிறார். நீங்க சிரிக்கிறீங்க. கிளிப் முடிந்துபோகிறது.

தோழர்களே, 'சும்மா அடி' என்பது நமக்குப் புதுசா? தலைமுறை தலைமுறையாக ஊர்க்காரன் சாவுக்கும் ஊர்க்காரன் திருவிழாவுக்கும் கூலியில்லாமல், ஒரு வாய் சோற்றுக்கும் பழைய வேட்டிக்கும் அடித்த அடிதான் அது. வெட்டி வேலை. இனிமேல் அடிக்க மாட்டோம் என்று எத்தனை ஊரில் நம்ம சனங்க பறையைக் கீழே வைத்தாங்க, அதற்காக எத்தனை இடத்தில் அடிபட்டாங்க என்பது இந்த இயக்கத்தின் வரலாறு. அதற்குப் பிறகுதான் மேடையில், நிமிர்ந்து நின்று, கூலி பேசி, கலையாக அடிக்கிற பறை வந்தது. நீங்க அந்த இரண்டாவது பறையைப் பற்றிப் பாட்டு எழுதிவிட்டு, முதல் பறையை அடிக்கச் சொல்லியிருக்கீங்க. ஆண்டை சொன்னதையே நீங்களும் சொன்னீங்க, கடைசியில் 'மாமா' என்று ஒரு சொல் சேர்த்து.

காமிராவுக்குப் பின்னால் நிற்கிறவனுக்குத்தான் அது ஒத்திகை. முன்னால் நிற்கிறவங்களுக்கு ஒத்திகை என்று ஒன்று கிடையாது. அவங்க அன்றைக்கு உண்மையிலேயே அழுதாங்க. உண்மையிலேயே வெயிலில் நின்றாங்க. இதைத்தான் நான் இன்றைக்குச் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

உங்களை மட்டும் சொல்லிவிட்டு நான் யோக்கியன் மாதிரி உட்கார முடியாது. நான் கவிதை எழுதப் பழகின காலத்தில் என் அத்தையைப் பற்றி எழுதினேன். அவங்க செத்த மாட்டைத் தூக்கப் போன கதை. அது பத்திரிகையில் வந்தது, நாலு பேர் பாராட்டினாங்க. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. என் தங்கச்சிதான் படித்துக்காட்டியிருக்கு. அத்தை என்னைக் கூப்பிட்டு அனுப்பினாங்க. 'நான் எப்படா அழுதேன்? அன்னிக்கி நாங்க கறிய கூறு போட்டு சிரிச்சிகினு வந்தோம். நீ பாட்டுக்கு என்ன அழ வச்சிட்டியே' என்றாங்க. எனக்குப் பதில் இல்லை. கவிதை என்றால் தலித் பெண் அழணும் என்று எனக்கு யாரோ கற்றுக்கொடுத்திருந்தாங்க. நான் அவங்க மேல் பழகினேன்.

இப்ப உங்க படத்துக்கு வருகிறேன். நான் வங்கியில் குமாஸ்தா. கணக்கு எடுப்பது தொழில். நேற்று ராத்திரி உங்க மெமரி கார்டை வாங்கிக்கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு தாளில் கோடு போட்டேன். மொத்தம் 212 கிளிப். அதில் சாக்கடை, பன்றி, குப்பைமேடு 38. பறையின் தோல், அடிக்கிற கை மட்டும் 44. பறையடிக்கிறவர் முகம் தெரிவது 9. ஆயாக்களின் சுருங்கின கை, வெடித்த பாதம் 26. உங்க குழுவிலேயே கொஞ்சம் வெளுப்பாக இருக்கிற தம்பி நடந்துவருவது, திரும்பிப் பார்ப்பது 31. பாட்டை எழுதிப் பாடின தங்கச்சி இருப்பது 4. யாராவது சிரிப்பது 3. அந்த மூன்றையும் 'வேஸ்ட்' என்று தனியாக ஒதுக்கி வைத்திருக்கீங்க.

இந்தக் கணக்கு நம்மைக் காட்டிக்கொடுக்கிறது. யாரும் உங்களுக்கு இப்படி எடு என்று சொல்லலை. சும்மா கை போன போக்கில் எடுத்தீங்க. கை எங்கே போகிறது? சினிமா கற்றுக்கொடுத்த இடத்துக்குப் போகிறது. சேரி என்றால் சாக்கடை. தலித் என்றால் முகம் இல்லாத கை. கதாநாயகன் என்றால் சிவப்புத்தோல். ஒத்திகைப் படத்தின் பயன் இதுதான். யோசித்து எடுக்கிற படத்தில் நாம் நம்மை மறைத்துக்கொள்ளலாம். யோசிக்காமல் எடுத்ததில் நமக்குள் உட்கார்ந்திருக்கிற ஊர்க்காரனின் கண் அப்படியே பதிவாகிவிடுகிறது. ஆகவே இதை அழித்துவிட்டு அடுத்த வேலைக்கு ஓடாதீங்க. உட்கார்ந்து பாருங்க. யாரை எடுத்தீங்களோ அவங்களோடு உட்கார்ந்து பாருங்க.

இன்னொரு கணக்கும் இருக்கு. உங்க பாட்டு எதைப் பற்றி? பஞ்சமி நிலம் பற்றி. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதி, 1892இல் வெள்ளைக்கார அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு என்று ஒதுக்கின நிலம். முதல் பத்து வருடம் யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத்தான் விற்கணும் என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். அதை மீட்கப் போராடி 1994இல் செங்கல்பட்டு பக்கம் காரணையில் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தாங்க. இதெல்லாம் உங்க பாட்டில் இருக்கு. ஆனா 212 கிளிப்பில் நிலம் எத்தனை? ஒன்றும் இல்லை. நம்ம காலனிக்குப் பின்னால் வாய்க்காலைத் தாண்டினால் நம்ம தாத்தன்மார் பெயரில் இருந்த நிலம். நடந்து போனா அஞ்சு நிமிடம். அங்கே காமிராவைத் திருப்பக்கூட இல்லை. ஊர்த்தெருவும் ஒரு கிளிப்பிலும் இல்லை.

ஏன் என்று கேட்டேன். ஒரு தங்கச்சி உண்மையைச் சொல்லுச்சு. 'பயமா இருந்துச்சுண்ணா. அங்க ஸ்டேண்டு வச்சா கேப்பாங்க.' சரியான பதில். சாவு வீட்டில் காமிரா வைக்க யாரையும் கேட்க வேண்டாம் என்று தோன்றியது. ஊர்த்தெருவில் வைக்க நூறு முறை யோசித்தோம். யாரைக் கேட்காமல் எடுக்கலாம், யாரை எடுக்கவே கூடாது என்ற பட்டியலை இந்தச் சாதிச் சமூகம் நம்ம கையிலேயே கொடுத்து வைத்திருக்கு.

வீரம் காட்டுங்க என்று உங்களை நான் உசுப்பிவிடலை. அடிபடப் போகிறவங்க நீங்க, பேசிவிட்டுப் பஸ் ஏறப் போகிறவன் நான். வாய்க்கால் கரையின் இந்தப் பக்கம் நம்ம பாதை. அங்கிருந்து தெரிகிற நிலத்தை எடுங்க. கிராம நிர்வாக அலுவலகத்தில் பழைய பதிவேட்டு நகல் கேட்டு எழுதிப் போடுங்க. அந்தத் தாளில் 'டி.சி. நிலம்' என்று குறித்திருந்தால் அதைக் கிட்டப் போய் எடுங்க. ஒரு ஆயாவின் வெடித்த பாதத்தைவிட அந்த இரண்டு எழுத்து உங்க பாட்டுக்கு அதிகமாகப் பேசும்.

பாடின தங்கச்சி ஏன் நாலு கிளிப்பில் மட்டும் என்று கேட்டதற்கு, 'அக்கா முகம் எடுபடலண்ணா, கறுப்பா அடிக்குது' என்றீங்க. அந்தப் பிள்ளை இரண்டாவது வாரம் பவுடர் போட்டுக்கொண்டு வந்து நின்றிருக்கு. அந்த நாலு கிளிப்பையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். குறை அந்த முகத்தில் இல்லை. நாலிலும் அவங்களைக் கொண்டுபோய் வெள்ளையடித்த கோயில் சுவருக்கு முன்னால், உச்சி வெயிலில் நிறுத்தியிருக்கீங்க.

காமிராவுக்கு முகம், சுவர் என்ற பேதம் கிடையாது. தானாக அளக்கவிட்டால் சட்டகத்துக்குள் வருகிற வெளிச்சத்தைச் சராசரி பண்ணி, ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். விழுகிற ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிற சாம்பல் என்று அதற்கு ஒரு கணக்கு. பின்னால் வெள்ளைச் சுவர் பளீரென்று இருந்தால், சுவரை அடக்குவதற்காக எல்லாவற்றையும் இருட்டாக்கும். அப்ப முகம் கரியாகப் போகும். போன் காமிரா முகத்தைத் தேடித்தான் அளக்கப் பார்க்கும், ஆனா எல்லா முகத்தையும் ஒரே மாதிரி மதிக்காது. திரையில் அந்த முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்க. வெளிச்சம் அந்த முகத்துக்கு நிலைத்து நிற்கும். அந்தப் பிள்ளையைக் காலை ஏழு மணிக்கோ சாயங்காலமோ மண்சுவர் முன்னால், பக்கவாட்டு வெளிச்சத்தில் நிறுத்துங்க. கறுப்புத் தோலில் வெளிச்சம் பட்டுத் திரும்புகிற மினுமினுப்பு இருக்கே, அதைப் பவுடர் கொன்றுவிடும். முகத்தை வெளுப்பாக்குகிற அந்த பியூட்டி வசதியை முதலில் அணைத்து வையுங்க.

இது வெறும் தொழில்நுட்பம் என்று நினைக்காதீங்க. 1950களிலிருந்து கோடாக் கம்பெனி, கலர் படம் கழுவி அச்சிடும் கடைகளுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அனுப்பி வைத்தது. 'ஷெர்லி அட்டை' என்று பேர். அவள் தோல் சரியாக வந்தால் உலகமே சரியாக வந்தது என்று அர்த்தம். கறுப்புக் குழந்தைகளின் முகம் தெரியாமல் போனதைப் பற்றித் தாய்மார்கள் சொன்னது எடுபடலை. சாக்லேட் விற்கிறவனும் மர நாற்காலி விற்கிறவனும் எங்க சரக்கின் பழுப்பு நிறம் படத்தில் சரியாக வரவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் பிலிமை மாற்ற ஆரம்பிச்சாங்க என்று அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவங்களே பின்னால் சொல்லியிருக்காங்க.

பிலிம் போய்விட்டது, கம்ப்யூட்டர் வந்துவிட்டது. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்கிற மூன்று கம்பெனிகளின் நிரல்களை 2018இல் ஜாய் புவோலாம்வினி என்ற கறுப்பின ஆராய்ச்சியாளர் டிம்னிட் கெப்ருவோடு சேர்ந்து சோதித்தார். வெளுத்த தோல் ஆண்களிடம் தவறு அதிகபட்சம் 0.8 சதவீதம். கறுத்த தோல் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. ஆக, 'முகம் எடுபடலை' என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னது நீங்க மட்டும் இல்லை. ஒரு நூற்றாண்டு சொல்லிக்கொண்டு வருகிறது.

நான் நாள் முழுக்க பாஸ்புக் பதிந்து கொடுக்கிறவன். தென்னாப்பிரிக்காவில் பாஸ்புக் என்றால் வேறு. நிறவெறி ஆட்சியில் 16 வயதுக்கு மேற்பட்ட கறுப்பர்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அடையாளப் புத்தகம். அது இல்லாமல் தெருவில் நடந்தால் சிறை. அதில் ஒட்டும் போட்டோவுக்கு போலராய்டு கம்பெனியின் காமிரா பயன்பட்டது. கறுத்த முகம் எடுபடாது என்றவங்க, ஆளைப் பிடிப்பதற்கு என்றால் துல்லியமாக எடுத்தாங்க. 1970இல் அமெரிக்காவில் அதே கம்பெனியில் வேலை பார்த்த கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள் இதைக் கண்டுபிடித்து, கம்பெனிக்கு எதிராகவே கிளர்ச்சி பண்ணினாங்க. ஹன்டருக்கு வேலை போனது. 1977இல் கம்பெனி தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேற வேண்டி வந்தது. ஒரு முகத்தை யார், எதற்காக எடுக்கிறாங்க என்று கேட்பது அந்த முகத்துக்கு உரியவர்களின் உரிமை. அந்த இரண்டு பேரும் அதைத்தான் கேட்டாங்க.

அப்படியானால் சேரியை எடுக்கவே கூடாதா என்று ஒரு தம்பி இடைவேளையில் கேட்டார். எடுக்கணும். 1996இல் மைக்கேல் ஜாக்சன் தன்னுடைய ஒரு பாட்டுக்குப் படம் எடுக்க பிரேசிலுக்குப் போனார். இயக்கினவர் ஸ்பைக் லீ. ரியோ நகரத்தில் மலைச்சரிவில் இருக்கிற டோனா மார்த்தா என்ற குடிசைப் பகுதியைத் தேர்ந்தெடுத்தாங்க. நகரத்தின் மானம் போகிறது, வறுமையைக் காட்டாதே என்று அதிகாரிகள் தடுக்கப் பார்த்தாங்க. அந்த வறுமையை உண்டாக்கினதில் அவங்களுக்கு வெட்கம் இல்லை, காட்டினதில்தான் வெட்கம். இன்னொரு பகுதியை சல்வடோர் நகரத்தில் எடுத்தாங்க. அங்கே 'ஒலோடும்' என்ற கறுப்பின முரசுக் குழு. 1979இல் தொடங்கினது. அந்தப் படத்தைத் தேடிப் பாருங்க. கூட்டமாக நின்று முரசடிக்கிற அந்தக் கலைஞர்களின் முகம் தெரிகிறது, மார் தெரிகிறது, சிரிப்பு தெரிகிறது. பாடுகிற உலக நட்சத்திரம் அவங்களுக்கு நடுவில், அவங்க குழுவின் பெயர் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடுகிறார். சேரியை எடுப்பதில் தவறு இல்லை. அங்கே இருக்கிற மனுசங்க உங்களைத் திரும்பிப் பார்க்கிறாங்களா என்பதுதான் கேள்வி. உங்க 44 கிளிப்பில் கைகள் மட்டும் இருக்கு. கை திரும்பிப் பார்க்காது.

இங்கேயும் ஒரு பாடம் இருக்கு. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டில் அறிவு தன் பாட்டி வள்ளியம்மாவைப் பாடினார். படத்திலும் அந்தப் பாட்டி சிம்மாசனத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்பாங்க. உலகமே பார்த்தது. அதே வருடம் ஆகஸ்டில் ஒரு ஆங்கில இசைப் பத்திரிகை அட்டையில் உடன் பாடினவர் படம் வந்தது, அறிவு படம் வரலை. பா. ரஞ்சித் அதைக் கேள்வி கேட்டார். பெரிய இடத்தில் நடந்த இதைக் கண்டிக்கிற நாம், நம்ம குழுவில் பாடின பிள்ளையை நாலு கிளிப்பில் நிறுத்தி வைத்திருக்கிறோம். எழுதினவர், பாடினவர், பறையடித்தவர், தண்ணி கொண்டுவந்து கொடுத்தவர் எல்லார் பெயரும் படத்தில் வரணும். சின்ன எழுத்தில் இல்லை, படிக்கிற எழுத்தில்.

தொழில் சுத்தம் பற்றியும் இரண்டு வார்த்தை. 'நம்ம படம்தானே, சுமாரா இருந்தா போதும்' என்ற எண்ணம் நமக்கு எதிரி. நம்ம பாட்டு என்பதாலேயே அது ஒரு இழை பிசகாமல் இருக்கணும்.

ஏரிக்கரையில் நின்று தூரத்துக் காட்சி எடுத்தீங்க. பறை விழுகிற அடியும் சத்தமும் ஒட்டலை. காமிரா கெட்டுவிட்டது என்று நினைத்தீங்க. கெடலை. சத்தம் விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். நீங்க நின்றது சுமார் 70 மீட்டர் தள்ளி. விநாடிக்கு 25 சட்டகம் என்றால், சத்தம் உங்ககிட்ட வர அஞ்சு சட்டகம் தாமதம். காமிராவில் பதிந்த சத்தத்தை நம்பிப் பாட்டோடு ஒட்டினால் பிசகும். பறைக்குப் பக்கத்தில் ஒருத்தர் கை உயர்த்தித் தட்டட்டும். கை சேர்கிற சட்டகத்தைக் கண்ணால் பார்த்து ஒட்டுங்க. மெதுவாக ஓடுகிற காட்சி வேண்டுமென்றால் 50 சட்டகத்தில் எடுங்க, ஆனா எடுக்கும்போது பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பாடச் சொல்லுங்க. அப்பதான் வாயசைவு பொருந்தும். இரவுப் பள்ளியில் எடுத்ததில் வரி வரியாக ஓடுகிறதே, அது ட்யூப்லைட்டால் வந்தது. நம்ம கரண்டு ஐம்பது சுழற்சி. ஷட்டரை 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்று என்று வைத்தால் போய்விடும்.

பறையைக் காய்ச்சுகிற நெருப்பை அழகாக எடுத்திருக்கீங்க. அது அழகுக்குப் போட்ட நெருப்பு இல்லை. பனியில் தோல் தொய்ந்துபோகும், வைக்கோல் நெருப்பில் காட்டினால்தான் விறைக்கும், சத்தம் எழும்பும். நீங்க நெருப்பை எடுத்து முடித்துவிட்டு, ஒரு மணிநேரம் காமிராவைச் சரிபண்ணி, அதற்குப் பிறகு அடிக்கச் சொன்னீங்க. மாமா பறையைக் காதில் வைத்துத் தட்டிப் பார்த்து முகம் சுளிப்பது கிளிப்பில் இருக்கு. மறுபடி காய்ச்ச அவருக்கு நேரம் கொடுக்கலை. இனிமேல் காமிரா தயாரான பிறகு நெருப்பு மூட்டுங்க. நீங்க பறைக்குக் காத்திருங்க, பறை உங்களுக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஆக, நான் கேட்டுக்கொள்வது இதுதான். கை பழகணும் என்றால் முதலில் உங்களையே எடுத்துப் பழகுங்க. ஒருத்தர் எடுக்க, இன்னொருத்தர் நிற்க, மாறி மாறி. முகத்துக்கு நேரே ஒருத்தன் காமிரா நீட்டினால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்க. அடுத்தவங்களை எடுக்கும் முன்னால் கேளுங்க. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்க. எடுத்ததை அவங்களிடம் காட்டுங்க. பாட்டு வெளிவரும் வரை ஒரு துண்டும் யார் ஸ்டேட்டஸிலும் ஏறக் கூடாது. பறையடிக்கிறவங்களுக்கு ஒத்திகைக்கும் கூலி உண்டு. சந்தா வசூல் பண்ணுவோம், என் பங்கை இன்றைக்கே கொடுத்துவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று. போன வாரம் அந்த அக்கா என்னிடம் பேசினாங்க. சாவு வீட்டுப் படங்களை என்ன செய்யலாம் என்று நான்தான் கேட்டேன். அழித்துவிடச் சொல்வாங்க என்று நினைத்தேன். பதினாலையும் அழிக்கச் சொன்னாங்க. அழித்தாச்சு. பிறகு கேட்டாங்க: 'அதுக்கு மொத வாரமும் புள்ளைங்க எடுத்திச்சாமே, அதுல அப்பா இருக்காரா?'

தேடினேன். இருக்கார். நீங்க 'வேஸ்ட்' என்று ஒதுக்கின மூன்றில் ஒன்று. டீக்கடைப் பக்கம் நீங்க ஸ்டேண்டு வைக்கும்போது அவர் குறுக்கே வருகிறார். போகஸ் சரியில்லை. 'டேய், நான் அழகா இருக்கனாடா?' என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். 'நவுருங்க பெரியப்பா' என்று ஒரு குரல். பதினோரு விநாடி. அவங்க வீட்டில் அவருடைய படம் என்று இருந்தது ரேஷன் கார்டுக்கு எடுத்த பழைய போட்டோ ஒன்றுதான். இந்தப் பதினோரு விநாடியை அந்த அக்கா போனில் ஏற்றிக் கொடுத்தோம். பாட்டில் இதைச் சேர்க்கலாமா என்று அந்தத் தம்பி கேட்டார். இந்தத் தடவை என்னைக் கேட்கலை, அவங்களைக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்காங்க. அவங்க சொல்லும்வரை காத்திருப்போம். வேண்டாம் என்றாலும் பாட்டு நிற்காது.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாய்க்கால் கரையில் கூடுவோம். வைக்கோல் நான் கொண்டுவருகிறேன். பாடின தங்கச்சி பவுடர் போடாமல் வரணும்.

ஜெய்பீம்.